சித்தப்பாவின் அமெரிக்க வெள்ளி டாலர்கள்: எது அரிது, எது வெறும் வெள்ளி?

பவானிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா 1970-களின் தொடக்கத்தில் ஒஹாயோவுக்கு வேலைக்குப் போனவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காசுகள் இருப்பதாகச் சித்தி சொன்னதால் நேரில் போய்ப் பார்த்தேன்.

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு 1884 டாலர், பின்பக்கம் ‘சிசி’ என்று இரண்டு எழுத்துகள். காகித உறையில் ஒரு 1893, பின்பக்கம் ‘எஸ்’. 1921 இரண்டு. 1922, 1923 என்று கதிர்முடி சூடிய பெண் தலையோடு வேறு வகை இரண்டு. உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்தோடு 1877 ஒன்று. அதில் யாரோ சீன எழுத்துகளை உளியால் குத்தியதுபோல் தெரிகிறது. கடைசியாக ஐசனோவர் தலை போட்ட 1972.

பழைய நகை வாங்கும் கடை ஒன்றில் சித்தி காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்வதாகவும், அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்றும் அவசரப்படுத்தினார்களாம். 1893 லட்சக்கணக்கில் போகும் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?

பழங்காசு எழுதியது:

முதலில் இரண்டு ‘கூடாது’. விற்கக் கூடாது, துலக்கக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கறுத்த வெள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. திருநீறோ பற்பொடியோ எடுத்துவிடுவார்கள். சித்தியிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஒருமுறை தேய்த்த காசு தேய்த்ததுதான். பளபளப்பு வரும், சேகரிப்பாளர் போய்விடுவார்.

இனி உங்கள் டின்னுக்கு வருகிறேன். 1884, 1893, 1921 மூன்றும் மார்கன் டாலர்கள். வடிவமைத்தவர் ஜார்ஜ் மார்கன். 1878 முதல் 1904 வரையும் பிறகு 1921-இலும் அச்சடிக்கப்பட்டவை. 1922, 1923 இரண்டும் பீஸ் டாலர்கள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த சமாதானத்தைக் குறிக்க 1921 இறுதியில் தொடங்கியவை. இரு வகைக்கும் அளவு ஒன்றே: எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஒரு காசில் தூய வெள்ளி 0.7734 டிராய் அவுன்ஸ் (வெள்ளி விலை சொல்லும் அவுன்ஸ் இதுவே). அன்றைய அவுன்ஸ் விலையை இதனால் பெருக்கினால் கிடைப்பதே அடிமட்ட விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம்.

1921 மார்கன் பிலடெல்பியா நாணயச்சாலையில் மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல். 1922 பீஸ் அங்கே 5 கோடியே 17 லட்சம். நூறாண்டு ஆன காசுதான், ஆனால் எங்கும் கிடைக்கும். புழங்கித் தேய்ந்திருந்தால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான்.

1972 ஐசனோவரில் ‘எஸ்’ குறி (அடித்த நாணயச்சாலையைக் காட்டும் எழுத்து) இல்லையென்றால் வெள்ளியே கிடையாது. செம்பும் நிக்கலும். அதையும் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடைக்காரர் ஒன்று தாராளமானவர், இல்லையென்றால் மற்ற காசுகளைப் பார்த்து வேறு கணக்குப் போட்டவர்.

1884-சிசி, 1893-எஸ், 1877 மூன்றையும் தனியே எடுத்து வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

செல்லாக்காசு எழுதியது:

ஒரு எளிய சந்தேகம். நாணயச்சாலையே ஆண்டுவாரியாகக் கணக்கு வெளியிட்டிருக்கிறது. குறைவாக அடித்தது அரிது, அதிகமாக அடித்தது மலிவு. அட்டவணையைப் பார்த்தால் முடிந்தது. இதற்கு எதற்கு இத்தனை நிபுணர்கள், உருப்பெருக்கிகள், தரச்சான்று நிறுவனங்கள்? பாதிக்கு மேல் வியாபாரத் தந்திரம் என்பது என் கருத்து.

பழங்காசு எழுதியது:

அட்டவணையை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். மூன்று காசுகளைச் சொல்கிறேன், அட்டவணையை வைத்துக்கொண்டு நீங்களே விலை சொல்லுங்கள்.

1895 பிலடெல்பியா. ஏட்டில் புழக்கத்துக்கு 12,000 என்று இருக்கிறது. அதில் ஒரு காசுகூட இதுவரை உறுதியாகக் கண்டெடுக்கப்படவில்லை. சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்த புரூஃப் காசுகள் 880 மட்டுமே அந்த ஆண்டின் அடையாளம். அந்த 12,000 உருகிப்போனதா, ஏட்டில் மட்டும் பிறந்ததா என்று இன்றும் வாதம் ஓடுகிறது.

1884-எஸ், சான்பிரான்சிஸ்கோ. 32 லட்சம் அடித்தார்கள். தேய்ந்தது வேண்டுமென்றால் சாதாரண விலைக்கு வாங்கலாம். ஆனால் புழங்காத, பிறந்த மேனியாக இருக்கும் 1884-எஸ் பல்லாயிரம் டாலர். ஏனென்றால் அது மேற்குக் கரையில் உண்மையாகவே மக்கள் கையில் புழங்கிவிட்டது, மூட்டையில் தூங்கவில்லை. 1901 பிலடெல்பியாவும் இதே கதைதான்: கிட்டத்தட்ட 70 லட்சம் அடித்தும் நல்ல நிலையில் லட்சம் டாலரைத் தாண்டுகிறது.

மூன்றாவது 1903-ஓ, நியூ ஆர்லியன்ஸ். 44 லட்சத்துக்கு மேல் அடித்தாலும் கண்ணில் பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1962 வாக்கில் புழங்காத ஒன்றுக்கு 1,500 டாலர் விலை போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு புதிய காரின் விலைக்குப் பக்கம். அந்த ஆண்டின் இறுதியில் கருவூலம் பிலடெல்பியாவின் பழைய பெட்டகம் ஒன்றைத் திறந்து கிறிஸ்துமஸ் தேவைக்காக டாலர் மூட்டைகளை வெளியே விட்டது. மூட்டையைப் பிரித்தால் 1903-ஓ. ஆயிரக்கணக்கில். விலை சில பத்து டாலர்களுக்கு இறங்கியது. அட்டவணை எண் மாறவே இல்லை, கவனியுங்கள்.

நெல்லிமரம் எழுதியது:

மூட்டையில் தூங்கியது என்கிறீர்கள். புழக்கத்துக்கு வேண்டாத காசை அரசு ஏன் அடித்தது?

பழங்காசு எழுதியது:

சுரங்க முதலாளிகளின் தயவு. நெவாடா மலைகளில் காம்ஸ்டாக் சுரங்கத்திலிருந்து வெள்ளி கொட்டியது, உலகச் சந்தையில் விலை சரிந்தது. 1878-இல் வந்த பிளாண்ட்–அலிசன் சட்டம், மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கிக் காசாக்க வேண்டும் என்றது. 1890-இல் ஷெர்மன் சட்டம் அந்த அளவை இன்னும் கூட்டியது. மக்களோ இந்தக் கனத்த காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய விரும்பவில்லை. எனவே காசு பெட்டகத்துக்குள்; அதற்கு ஈடாக வெள்ளிச் சான்றுத் தாள் வெளியே. ஆயிரம் ஆயிரமாகத் துணி மூட்டையில் கட்டி அடுக்கிவிட்டார்கள்.

அதனால்தான் புழங்காத மார்கன் காசிலும் கன்னத்தில் தழும்பு இருக்கும். மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய தழும்பு. முன்பக்கத்தில் உள்ள லிபர்ட்டி அம்மையின் கன்னம் அகலமான வெற்றுப் பரப்பு, எங்கே இடித்தாலும் தெரிந்துவிடும். தரம் பார்ப்பவர்கள் முதலில் அந்தக் கன்னத்தைப் பார்ப்பார்கள், பிறகு காதுக்கு மேலுள்ள முடியிழைகள், அடுத்துப் பின்பக்கக் கழுகின் மார்பு இறகுகள். நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் கடைசியாகச் சொன்ன இரண்டு இடமும் பெரும்பாலும் மழுங்கியே பிறந்திருக்கும். அதைத் தேய்மானம் என்று எண்ணிவிடக் கூடாது. தேய்மானமா, அச்சுக் குறையா என்று பிரித்துச் சொல்வது மினுமினுப்பு. விளக்கடியில் காசைச் சாய்த்து மெல்லத் திருப்பினால் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல் சுழல வேண்டும். உயர்ந்த இடங்களில் அந்தச் சுழற்சி அறுந்து சாம்பல் திட்டு தெரிந்தால் காசு புழங்கியிருக்கிறது.

செல்லாக்காசு அவர்களே, உருப்பெருக்கி எதற்கு என்றீர்கள். இதற்குத்தான்.

எடைக்கல் எழுதியது:

அட்டவணை ஏன் பொய்க்கிறது என்பதற்கு இன்னொரு பெரிய காரணம் விட்டுப்போயிற்று. அதில் நம் நாடும் வருகிறது.

முதல் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து சரக்கும் தானியமும் ஏராளமாக வாங்கியது. விலையாகத் தந்தது ரூபாய்த் தாள். நம் மக்கள் தாளை நம்பவில்லை. கருவூலத்தில் நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டார்கள். 1917 நவம்பர் 30-இல் ஒரு ரூபாய்த் தாளும், அடுத்த ஜனவரியில் இரண்டரை ரூபாய்த் தாளும் வெளியிட்டுப் பார்த்தும் நெருக்கடி தீரவில்லை. கையிருப்பு வெள்ளி வற்றும் நிலையில் அமெரிக்காவிடம் கேட்டார்கள். நெவாடாவைச் சேர்ந்த செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரலில் நிறைவேறியது. பெட்டகங்களில் இருந்த டாலர்கள் 27 கோடிக்கு மேல் உலைக்குப் போயின. 1878 முதல் அடித்த டாலர்களில் கிட்டத்தட்ட பாதி. அந்த வெள்ளியில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்கு வந்து ரூபாயானது. அந்த ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி; ஆக ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய்க்கான வெள்ளி. பாட்டி வீட்டில் 1918, 1919 தேதியிட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் அதில் மார்கன் டாலர் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முக்கியமான செய்தி: எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். அன்றே அட்டவணையும் செத்துவிட்டது. 1980-இல் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து அவுன்ஸ் 50 டாலர் வரை ஏறியபோது தனியார் கையிலிருந்தவையும் நிறைய உருகின.

உருக்கிய டாலர்களுக்கு ஈடாக மீண்டும் அடிக்க வேண்டும் என்பதும் பிட்மன் சட்டத்தின் விதி. பவானிக்கரையின் டின்னில் 1921 இரண்டு இருப்பதற்கு அதுவே காரணம்.

செல்லாக்காசு எழுதியது:

இந்தியக் கதை எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சான்று நிறுவனம் 64 என்று தர எண் போட்ட காசுக்கு ஒரு விலை, 65 என்றால் அதைப்போல் பல மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எண்ணைத்தானே வாங்குகிறோம்?

கொலம்பஸ்வாசி எழுதியது:

இதில் நான் செல்லாக்காசு பக்கம். கண்ணுக்கு அழகான 63 எனக்குப் போதும். உச்ச எண்ணுக்காகப் பணத்தை இறைப்பவர்கள் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் காசு உண்மையானதா, திருத்தப்பட்டதா என்ற கேள்விக்குச் சான்று நிறுவனங்கள் தேவை. 1980-களின் நடுவில் அவை தோன்றியதற்குக் காரணமே அவரவர் வாய்க்கு வந்த தரத்தைச் சொல்லி விற்றதுதான். ஒரு செய்தி கேளுங்கள். 1896, 1900, 1902 தேதியிட்டு, வழக்கத்தைவிடச் சிறிய ‘ஓ’ குறியோடு சில மார்கன் காசுகள் உண்டு. பல காலமாக அபூர்வ அச்சு என்று கொண்டாடி விலை கொடுத்து வாங்கினார்கள். 2005-இல் அவை கள்ளக்காசு என்று முடிவாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் உள்ளது நல்ல வெள்ளி! 1890-களின் நடுவில் ஒரு டாலர் காசில் இருந்த வெள்ளியின் விலை ஏறத்தாழ அரை டாலர்தான். எனவே கள்ளன் கலப்படமே செய்யாமல் நேர்மையாக அடித்தாலும் பாதிக்குப் பாதி லாபம்.

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துலக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். நல்லவேளை, இன்னும் தொடவில்லை.

நகைத் தராசில் எடை பார்த்தேன். 1893-எஸ்: 26.5. 1921 இரண்டும் 26.6. 1884-ஐப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே நிக்சன் கையெழுத்து அச்சிட்ட அட்டை இருக்கிறது. 1877 மட்டும் 27.1 காட்டுகிறது, அளவு மீறுவதால் போலியோ? ஐசனோவரில் குறி இல்லை, 22.7.

1893-இன் எடை சரியாக இருப்பதால் ஆவலோடு காத்திருக்கிறேன்.

பழங்காசு எழுதியது:

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். 1877 அளவு மீறவில்லை. அது டிரேட் டாலர், அதன் எடையே 27.22 கிராம். சீன வணிகத்தில் மெக்சிகோ வெள்ளிக் காசோடு போட்டியிட 1873-இல் தொடங்கியது. பின்பக்கம் ‘420 கிரெய்ன், 900 தூய்மை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சீன எழுத்துகள் அங்கிருந்த வணிகர்களும் காசு நோட்டக்காரர்களும் ‘பார்த்தாயிற்று, நல்ல வெள்ளி’ என்று குத்திய முத்திரை. முன்பெல்லாம் காயம் பட்ட காசு என்று ஒதுக்குவார்கள். இன்று முத்திரை குத்தியதையே தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் டிரேட் டாலரைப்போல் போலி மலிந்த வகை வேறில்லை. எடையோடு நிறுத்தாமல் அடர்த்தியும் பாருங்கள். நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்க, பாத்திரத்தைத் தொடாமல் தொங்கவிட்டு எடை எடுங்கள். எவ்வளவு குறைகிறதோ அதனால் முதல் எடையை வகுத்தால் 10.3 பக்கம் வர வேண்டும். அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் குறைய வேண்டும். எட்டோ ஒன்பதோ வந்தால் அது பித்தளை வகையறா. தண்ணீரிலிருந்து எடுத்ததும் துடைத்துத் தேய்க்காமல் பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள்.

1884-சிசி, நெவாடாவின் கார்சன் சிட்டியில் அடித்தது. அடித்தவை 11 லட்சத்து 36 ஆயிரம். அதில் 9 லட்சத்து 62 ஆயிரத்துக்கு மேல் 1964-இல் கருவூலப் பெட்டகம் மூடப்பட்டபோது உள்ளேயே இருந்தன! அரசு அவற்றை 1970-களில் தபால் ஏலத்தில் விற்றது, குறைந்தபட்சக் கேட்பு 30 டாலர். உங்கள் சித்தப்பா அப்படித்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆக இது அபூர்வமான காசு அல்ல. ஆனால் சிசி என்ற இரண்டு எழுத்துக்கு இருக்கும் மோகத்தால் சில நூறு டாலர் தாராளமாகப் போகும். பெட்டியும் அட்டையும் சேர்ந்திருப்பதற்குத் தனி மதிப்பு. உடைத்து வெளியே எடுக்காதீர்கள்.

1893-எஸ். இதைப் பற்றி எடை ஒன்றும் சொல்லாது. மொத்தமே ஒரு லட்சம்; கண்ணில் படாத அந்த 1895 பிலடெல்பியாவை விட்டால், புழக்கத்துக்கு அடித்த மார்கன்களில் மிகக் குறைந்த எண்ணிக்கை. தேய்ந்துபோனதே சில ஆயிரம் டாலர். அதனாலேயே அசல் வெள்ளியில், அசல் 1893 பிலடெல்பியா காசில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டி விற்பது பழைய மோசடி. 1898-எஸ் காசில் எட்டை மூன்றாகச் செதுக்குவதும் உண்டு. முன்பக்கம் தலைக்கச்சையில் உள்ள லிபர்ட்டி என்ற சொல்லைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஆங்கில ‘டி’ எழுத்தின் மேல்பகுதியில் மயிரிழைபோல ஒரு மேடுபட்ட சாய்கோடு இருக்க வேண்டும். புழக்கத்துக்கான 1893-எஸ் எல்லாம் ஒரே முன்பக்க அச்சில் அடித்தவை என்பதால் எல்லாவற்றிலும் அது உண்டு. பிறகு பின்பக்கம் மாலை முடிச்சுக்குக் கீழே ‘எஸ்’ எழுத்தின் அடிவாரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

பவானிக்கரை எழுதியது:

நூலகத்தில் பணிபுரியும் நண்பரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். ‘டி’ தெளிவாக இருக்கிறது, கோடு இல்லை. ‘எஸ்’ எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம், இடது ஓரத்தில் ஒரு பிளவுபோல் தெரிகிறது. மற்ற இடங்களில் பரப்பு சாம்பல் நிறம். அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

டிரேட் டாலர் தண்ணீரில் 2.6 குறைந்தது.

கொலம்பஸ்வாசி எழுதியது:

படம் பார்த்தேன். ஒட்டு. ஐயமே இல்லை.

பழங்காசு எழுதியது:

ஆமாம், ஒட்டுதான். வருத்தமான பகுதி என்னவென்றால், அந்தக் காசை அப்படியே விட்டிருந்தால் 1893 பிலடெல்பியாவுக்கே சில நூறு டாலர் மதிப்பு உண்டு. அதுவும் 3 லட்சத்து 78 ஆயிரம்தான் அடித்தது. எழுத்தை ஒட்டியவன் அதையும் கெடுத்துவிட்டான். இப்போது அது வெள்ளி விலைக்குச் சற்று மேலே, கதைக்காக வாங்குபவர் கிடைத்தால்.

டிரேட் டாலரைச் சான்றுக்கு அனுப்பலாம், செலவு தகும். 1921, 1922, 1923-ஐ அனுப்பாதீர்கள். சான்றுக் கட்டணம் காசின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விற்பதென்றால் நாணய வணிகர்கள் இருவர் மூவரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். நகைக்கடை வேண்டாம்.

செல்லாக்காசு எழுதியது:

ஒட்டு எழுத்தைப் பார்த்த பிறகு லென்ஸுக்கு எதிராக நான் பேசப்போவதில்லை. 65 என்ற எண்ணுக்கு எதிராகத் தொடர்ந்து பேசுவேன்.

பவானிக்கரை எழுதியது:

சித்தியிடம் பேசினேன். கார்சன் சிட்டி பெட்டியை விற்க மனமில்லை என்கிறார். சித்தப்பா ஏலத்துக்குப் பணம் அனுப்பியபோது வீட்டில் நடந்த சண்டை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறதாம். டிரேட் டாலரைச் சான்றுக்கு அனுப்புகிறோம். மற்றதை வணிகரிடம் காட்டப் போகிறேன். 1893-ஐ என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

பழங்காசு எழுதியது:

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காகித உறையின் மேல் ‘எஸ் ஒட்டப்பட்டது’ என்று அழியாத மையில் பெரிதாக எழுதுங்கள். ஆங்கிலத்திலும் எழுதுங்கள், உங்களுக்குப் பிறகு டின்னைத் திறப்பவருக்குத் தமிழ் படிக்க வருமோ என்னவோ.

பவானிக்கரை எழுதியது:

இரண்டு மொழியிலும் எழுதிவிட்டேன். வணிகர் சொல்லும் விலையை இங்கேயே பதிவிடுகிறேன்.